விண்டோஸை அழிக்காமல் இரண்டாவது பார்ட்டிஷனில் லினக்ஸ் மின்ட்: முழுமையான வழிகாட்டி

விண்டோஸ் போலவே கணினியை இயக்கும் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டை, டிஸ்கில் பிரித்தெடுத்த ஒரு பகுதியில் (பார்ட்டிஷன்) நிறுவும் வேலை அரை மணி நேரம்கூட எடுக்காது. அதற்கு முன்னால் விண்டோஸுக்குள் செய்யவேண்டிய ஆயத்தத்துக்குத்தான் ஒரு பின்னேரம் முழுக்கப் போகும். புதிதாகச் செய்பவர்கள் அநேகமாக இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டு, பென்டிரைவைச் செருகிவிட்டுத்தான் யோசிக்கத் தொடங்குகிறார்கள். கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியும் அடுத்த படிக்குத் தேவையானதைச் செய்துவைக்கிறது.

இது லினக்ஸ் மின்ட் 22 தொடருக்கு எழுதப்பட்டது. உபுண்டு 24.04ஐ அடித்தளமாகக் கொண்ட இந்தத் தொடருக்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும்.

1. கையில் இருக்கவேண்டியவை

8 ஜிபி பென்டிரைவ் ஒன்று. அதில் இருப்பதெல்லாம் அழியும்.

உங்கள் படங்கள், ஆவணங்கள் முழுவதையும் கொள்ளும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று. இதே டிஸ்கின் டி டிரைவில் போட்டுவைத்த பிரதி, பிரதி இல்லை. டிஸ்க் ஒன்றுதான், பார்ட்டிஷன் அட்டவணை கெட்டால் இரண்டும் சேர்ந்தே போகும்.

லினக்ஸுக்கு 60 ஜிபி இடம். மின்ட் 20 ஜிபியிலும் ஏறும், ஆனால் சில மாத அப்டேட்டிலேயே மூச்சு முட்டும். விண்டோஸின் சி டிரைவிலும் குறைந்தது 30 ஜிபி காலியாக எஞ்சவேண்டும். ஆக, இப்போது சி டிரைவில் 90 ஜிபி காலி இல்லையென்றால் முதலில் குப்பையை அகற்றுங்கள்.

மின்ட்டை நிறுவுவதற்கான ஐஎஸ்ஓ கோப்பு ஏறத்தாழ 3 ஜிபி. உங்கள் டேட்டா பக்கேஜில் இரவு நேரத்துக்குத் தனி ஒதுக்கீடு இருந்தால் பதிவிறக்கத்தை நள்ளிரவுக்குப் பின் வையுங்கள். பகல் டேட்டா மிஞ்சும். 4 ஜிபி ராம் உள்ள பழைய மெஷினுக்கு எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, 8 ஜிபியும் அதற்கு மேலும் என்றால் சினமன் பதிப்பு.

கடைசியாக, நம்பகமான கரண்ட். லப்டொப் என்றால் பற்றரி முழுச் சார்ஜில், சார்ஜரும் செருகியபடி. டெஸ்க்டொப் என்றால் யூபிஎஸ் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவேண்டாம். திருகோணமலையில் வாடைக்காற்று மழை தொடங்கிவிட்டால் கரண்ட் எப்போது விட்டு வரும் என்று சொல்ல முடியாது. பார்ட்டிஷனைச் சுருக்கும்போது கோப்புகள் இடம் மாறிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் மெஷின் அணைந்தால் கோப்பு முறைமையே சிதையும்.

2. விண்டோஸில் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டிய மூன்று விஷயம்

முதலாவது, பூட் முறை, அதாவது மெஷின் எழும்பும் விதம். ஸ்டார்ட் மெனுவில் "சிஸ்டம் இன்ஃபர்மேஷன்" என்று தேடித் திறந்து, "பயாஸ் மோட்" என்ற வரியைப் பாருங்கள். யூஈஎஃப்ஐ (புதிய முறை) அல்லது லெகசி (பழைய முறை) என்று இருக்கும். லினக்ஸையும் அதே முறையில்தான் நிறுவவேண்டும். ஒன்று யூஈஎஃப்ஐ, மற்றது லெகசி என்று ஆகிவிட்டால் லினக்ஸின் பூட் மெனுவிலிருந்து விண்டோஸைத் தொடங்க முடியாது; ஒவ்வொரு தடவையும் பயாஸுக்குள் (விண்டோஸ் எழும்பும் முன் திறக்கும் மதர்போர்டின் செட்டிங்ஸ்) போய் மாற்றவேண்டிவரும்.

இரண்டாவது, டிஸ்கில் உள்ளதைச் சங்கேதமாக்கிப் பூட்டும் பிட்லொக்கர். "நான் எதையும் லொக் பண்ணவில்லையே" என்று பலர் இதைத் தாண்டிவிடுகிறார்கள். மைக்ரோசொஃப்ட் கணக்கோடு அமைக்கப்பட்ட புதிய லப்டொப்களில் ஹோம் பதிப்பிலும் "டிவைஸ் என்கிரிப்ஷன்" தானாக இயங்கிக்கொண்டிருக்கலாம். செட்டிங்ஸில் பிரைவசி அன்ட் செக்யூரிட்டி பகுதியில் தெரியும். இயங்கினால், முதலில் உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கில் நுழைந்து 48 இலக்க ரிக்கவரி கீயைக் கடதாசியில் எழுதுங்கள். அதே லப்டொப்பில் சேமித்துப் பயனில்லை. அதன் பிறகு என்கிரிப்ஷனை நிறுத்தி, அது முழுவதும் அவிழும்வரை பொறுங்கள். நிறுத்தாமல் பயாஸில் கைவைத்தால், அடுத்த முறை விண்டோஸ் அந்த 48 இலக்கத்தைக் கேட்டு நிற்கும்.

மூன்றாவது, டிஸ்கின் அமைப்பு. விண்டோஸ் விசையையும் எக்ஸ் விசையையும் சேர்த்து அழுத்தி "டிஸ்க் மேனேஜ்மென்ட்" திறங்கள். இடப்பக்கம் "டிஸ்க் 0" என்ற பெட்டியில் வலது சொடுக்கி, ப்ரொப்பர்ட்டீஸ், வொல்யூம்ஸ் தாவலில் பார்ட்டிஷன் அட்டவணை ஜிபிடியா (புதிய வகை) எம்பிஆரா (பழைய வகை) என்று பாருங்கள். ஜிபிடி என்றால் கவலையில்லை. எம்பிஆர் என்றால் ஒரு டிஸ்கில் நான்கு பிரைமரி பார்ட்டிஷன்தான் இருக்கலாம். நான்கும் நிரம்பியிருந்தால், நீங்கள் காலியாக்கும் இடத்தை மின்ட் நிறுவி "அன்யூசபிள்" என்று காட்டும். கடையில் சி, டி, ஈ என்று பிரித்துக் கொடுத்த பழைய டெஸ்க்டொப்களில் இது சகஜம். அப்படியானால் ஒரு டிரைவைப் பிரதி எடுத்துவிட்டு அதையே முழுதாக லினக்ஸுக்குக் கொடுப்பதுதான் வழி. "டைனமிக் டிஸ்க்" ஆக மாற்றவா என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மாற்றிவிட்டால் மின்ட் நிறுவிக்கு அந்த டிஸ்கில் வேலையே செய்ய முடியாது.

இந்தத் திரையைப் போனில் ஒரு படம் எடுத்துவையுங்கள். எந்தப் பார்ட்டிஷன் எத்தனை எம்பி என்பது 7ஆம் படியில் தேவைப்படும்.

3. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்துதல்

விண்டோஸில் "ஷட் டவுன்" கொடுத்தாலும் அது முழுதாக அணைவதில்லை. அடுத்த தடவை வேகமாக எழும்புவதற்காகத் தன் நிலையின் ஒரு பகுதியை டிஸ்கில் உறைய வைத்துவிட்டுப் போகிறது. அந்த நிலையில் சி டிரைவ் இன்னும் திறந்திருப்பதாகவே குறிக்கப்பட்டிருக்கும். லினக்ஸ் அதை வாசிக்க மட்டும் விடும், எழுத விடாது.

கன்ட்ரோல் பனலில் பவர் ஒப்ஷன்ஸ், அங்கே "சூஸ் வட் த பவர் பட்டன்ஸ் டூ". மேலே உள்ள "சேஞ்ச் செட்டிங்ஸ் தட் ஆர் கரன்ட்லி அனவெய்லபிள்" என்பதைச் சொடுக்கினால்தான் கீழே உள்ள கட்டங்கள் உயிர்பெறும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பின் சரிக்குறியை எடுத்துவிட்டு சேமியுங்கள். விண்டோஸின் பெரிய அப்டேட்டுகளுக்குப் பிறகு இது தானாகத் திரும்பி வந்துவிடுவதுண்டு. அப்போது மறுபடி எடுங்கள்.

விண்டோஸ் அப்டேட் ஏதும் பாதியில் நின்றால் அதையும் முடித்து ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

4. இடத்தை வெட்டி எடுத்தல்

இதை விண்டோஸிலிருந்தே செய்யுங்கள். லினக்ஸ் நிறுவியாலும் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனைச் சுருக்க முடியும்தான். ஆனால் தன் கோப்பு எங்கே கிடக்கிறது என்பது விண்டோஸுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

முதலில் சி டிரைவின் ப்ரொப்பர்ட்டீஸ், டூல்ஸ் தாவலில் பிழை சோதனை ஓடவிடுங்கள். பிறகு டிஸ்க் மேனேஜ்மென்டில் சி மேல் வலது சொடுக்கி "ஷ்ரிங்க் வொல்யூம்". எண்ணைக் கேட்கும் கட்டத்தில் எம்பி கணக்கு. 60 ஜிபிக்கு 60ஐ 1024ஆல் பெருக்கி 61440 என்று கொடுங்கள். 60 என்று மட்டும் போட்டு, 60 எம்பியை வெட்டிவிட்டு முழிப்பவர்கள் இருக்கிறார்கள்.

100 ஜிபி காலியாக இருந்தும் 8 ஜிபிதான் சுருக்கலாம் என்று காட்டினால், அசைக்க முடியாத கோப்பு ஏதோ நடுவில் குந்தியிருக்கிறது என்று அர்த்தம். ஹைபர்னேஷன் கோப்பு, பேஜ் ஃபைல், சிஸ்டம் ரிஸ்டோர் பதிவுகள் ஆகிய மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். மூன்றையும் தற்காலிகமாக நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்து, மறுபடி சுருக்குங்கள். முடிந்ததும் பேஜ் ஃபைலையும் ரிஸ்டோரையும் திரும்ப இயக்க மறக்கவேண்டாம்.

பழைய சுழலும் ஹார்ட் டிஸ்கில் இது நெடுநேரம் இழுக்கும். "நொட் ரெஸ்பொண்டிங்" என்றுகூட எழுதும். டிஸ்க் விளக்கு மின்னிக்கொண்டிருந்தால் விட்டுவிடுங்கள்.

சுருங்கியதும் "அன்அலொகேட்டட்" என்று கறுப்புக் கோட்டுடன் ஒரு துண்டு தெரியும். அதை அப்படியே விடுங்கள். "நியூ சிம்பிள் வொல்யூம்" கொடுத்து ஈ டிரைவ், எஃப் டிரைவ் என்று ஆக்கவேண்டாம். லினக்ஸுக்கு வேண்டியது வெற்றிடம்தான். எம்பிஆர் டிஸ்கில் டி டிரைவை அழித்திருந்தால் அதே இடம் பச்சைக் கோட்டுக்குள் "ஃப்ரீ ஸ்பேஸ்" என்று தெரியலாம். அதுவும் சரிதான்.

இந்தக் கட்டத்தில் விண்டோஸை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, ஒழுங்காக எழும்புகிறதா என்று பாருங்கள். இப்போது எழும்பினால், பின்னால் வரும் கோளாறு எதுவும் சுருக்கியதால் வந்ததல்ல என்பது உறுதி.

5. பென்டிரைவைத் தயார்செய்தல்

ஐஎஸ்ஓவை பென்டிரைவில் கொப்பி பேஸ்ட் செய்தால் அது பூட் ஆகாது. ரூஃபஸ் மென்பொருளைப் பயன்படுத்துங்கள்.

ஐஎஸ்ஓவைத் தெரிவு செய்ததும், பக்கத்தில் உள்ள சரிக்குறிப் பொத்தானை அழுத்தினால் ரூஃபஸ் அதன் ஷா256 எண்ணை (கோப்பின் கைரேகை போன்றது) கணக்கிட்டுக் காட்டும். மின்ட் தளத்தில் கொடுத்திருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். இரவில் இணைப்பு விட்டு விட்டு இறங்கிய கோப்பில் ஒரு துண்டு கெட்டிருந்தாலும் இங்கே அகப்படும். இதைப் பார்க்காமல் விட்டால், நிறுவல் 80 வீதத்தில் நின்று காரணம் தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொள்ள நேரும்.

பார்ட்டிஷன் ஸ்கீமில், யூஈஎஃப்ஐ மெஷினுக்கு ஜிபிடி, லெகசி மெஷினுக்கு எம்பிஆர். எழுதும் முன் "ஐஎஸ்ஓ மோட்" அல்லது "டிடி மோட்" என்று கேட்கும், முதலாவதையே வையுங்கள்.

நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் கடலோர வீடுகளில் இருக்கும் மெஷின்களின் யூஎஸ்பி துளைகளை முதலில் ஒருமுறை டோர்ச் அடித்துப் பாருங்கள். உப்புக்காற்றில் உள்ளே உள்ள தகடுகள் பச்சை பிடித்து, பென்டிரைவ் ஒருமுறை தெரியும், மறுமுறை தெரியாது. அப்படியான துளையில் நிறுவலைத் தொடங்கவேண்டாம், வேறு துளைக்கு மாறுங்கள்.

6. நிறுவாமல் ஓட்டிப் பார்த்தல்

மெஷினை அணைத்து, பென்டிரைவுடன் தொடங்கும்போது பூட் மெனு விசையை அழுத்துங்கள். டெல், லெனோவோவில் எஃப்12. ஹெச்பியில் எஸ்கேப், பிறகு எஃப்9. ஆசுஸ் லப்டொப்பில் எஸ்கேப். ஏசரில் எஃப்12தான், ஆனால் பலவற்றில் அது நிறுத்திவைக்கப்பட்டிருக்கும். எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போய் "எஃப்12 பூட் மெனு"வை இயக்கவேண்டும். பூட் மெனுவில் பென்டிரைவின் பெயர் இரண்டு தடவை இருந்தால், முன்னால் யூஈஎஃப்ஐ என்று எழுதியதா எழுதாததா என்பதை 2ஆம் படியில் குறித்ததற்கு ஏற்பத் தெரிவுசெய்யுங்கள்.

மின்ட் திரை வந்ததும் நேரே நிறுவலுக்குப் போகவேண்டாம். வைஃபை, சத்தம், டச்பேட், திரையின் வெளிச்சம் எல்லாம் வேலைசெய்கிறதா என்று பத்து நிமிடம் பாருங்கள். வைஃபை பிடிக்காவிட்டால், போனை யூஎஸ்பி வயரில் இணைத்து டெதரிங் போடுங்கள். அநேகமாக உடனே இணைப்பு வரும். நிறுவிய பிறகு டிரைவர் மேனேஜரில் வைஃபை டிரைவரை ஏற்றிக்கொள்ளலாம்.

மெனுவில் "டிஸ்க்ஸ்" திறந்து உங்கள் டிஸ்க் தெரிகிறதா என்றும் பாருங்கள். பென்டிரைவ் மட்டும் தெரிந்து உள்ளே உள்ள டிஸ்க் தெரியாவிட்டால், பயாஸில் சாட்டா முறை (டிஸ்கோடு மெஷின் பேசும் விதம்) இன்டெல் ஆர்எஸ்டியில் இருக்கக்கூடும். அதை ஏஹெச்சிஐ ஆக்கவேண்டும். சும்மா மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையில் நின்றுவிடும். முதலில் விண்டோஸில் "சிஸ்டம் கொன்ஃபிகரேஷன்" திறந்து, பூட் தாவலில் சேஃப் பூட்டைத் தெரிவுசெய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். எழும்பும்போதே பயாஸுக்குள் போய் ஏஹெச்சிஐ ஆக்குங்கள். விண்டோஸ் சேஃப் மோடில் எழும்பி புதிய டிரைவரை எடுத்துக்கொள்ளும். பிறகு சேஃப் பூட்டை நீக்கலாம். சேஃப் மோடில் பின் எண் வேலைசெய்யாமல் போகலாம், ஆகவே கணக்கின் உண்மையான பாஸ்வேர்ட் நினைவிருக்கவேண்டும்.

7. நிறுவுதல்

டெஸ்க்டொப்பில் உள்ள "இன்ஸ்டோல் லினக்ஸ் மின்ட்" ஐ இருமுறை சொடுக்குங்கள். தமிழ் தெரிவு உண்டு என்றாலும் நிறுவும்போது ஆங்கிலத்தையே வையுங்கள். பிழைச்செய்தி வந்தால் அதை அப்படியே இணையத்தில் தேடுவதற்கு ஆங்கில வாசகம்தான் உதவும். மொழியைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

செக்யூர் பூட் (கையொப்பம் இல்லாத மென்பொருளை எழும்ப விடாத பாதுகாப்பு) இயங்கும் மெஷினில், பாட்டும் வீடியோவும் ஓட்டுவதற்கான மல்டிமீடியா கோடெக்ஸைச் சேர்த்தால் ஒரு பாஸ்வேர்ட் கேட்கும். எட்டு எழுத்தில் எளிதான ஒன்றைக் கொடுத்து எழுதிவையுங்கள். எதற்கு என்று 8ஆம் படியில் வரும்.

"இன்ஸ்டலேஷன் டைப்" திரைதான் முக்கியம். "இரேஸ் டிஸ்க்" என்பது லினக்ஸுக்கு ஒதுக்கிய இடத்தை மட்டும் அழிப்பதில்லை. விண்டோஸ் உட்பட முழு டிஸ்கையும் அழிக்கும். "இன்ஸ்டோல் அலோங்சைட்" தானாகச் செய்துகொள்ளும், ஆனால் எங்கே போடுகிறது என்று காட்டாது. கடைசியாக உள்ள "சம்திங் எல்ஸ்" ஐத் தெரிவுசெய்யுங்கள்.

இப்போது பார்ட்டிஷன் பட்டியல் வரும். என்விஎம்இ (nvme) வகை டிஸ்க் உள்ள லப்டொப்பில், எஸ்டிஏ (sda) என்று தெரிவது பெரும்பாலும் உங்கள் பென்டிரைவ். உண்மையான டிஸ்க் என்விஎம்இ என்று தொடங்கும். பெயரை விட்டுவிட்டு அளவைப் பாருங்கள்.

அளவிலும் ஒரு குழப்பம் உண்டு. விண்டோஸில் 61440 எம்பி வெட்டியிருப்பீர்கள். இங்கே "ஃப்ரீ ஸ்பேஸ்" 64424 எம்பி என்று காட்டும். விண்டோஸ் 1024 கணக்கில் எண்ணுகிறது, இந்த நிறுவி 1000 கணக்கில் எண்ணுகிறது. இடம் அதேதான். போனில் எடுத்த படத்தில் 100 எம்பி என்று இருக்கும் ஈஎஃப்ஐ பார்ட்டிஷனும் இங்கே 104 எம்பியாகத் தெரியும்.

அந்த ஃப்ரீ ஸ்பேஸை ஒருமுறை சொடுக்கி, கீழே உள்ள கூட்டல் குறியை அழுத்துங்கள். அளவைத் தொடவேண்டாம். "யூஸ் ஆஸ்" இல் லினக்ஸின் கோப்பு முறைமையான எக்ஸ்ட்4 (ext4), "மவுன்ட் பொயின்ட்" இல் ஒற்றைச் சாய்கோடு ( / ). 60 ஜிபிக்கு இந்த ஒரு பார்ட்டிஷன் போதும். 100 ஜிபிக்கு மேல் ஒதுக்கியிருந்தால் மட்டும், 40 ஜிபியைச் சாய்கோட்டுக்கும் மிச்சத்தைச் சாய்கோடு ஹோமுக்கும் (/home) பிரியுங்கள். பின்னால் மின்ட்டை மறுபடி ஏற்றினாலும் உங்கள் கோப்புகள் தனியே நிற்கும். ராம் நிரம்பும்போது உதவும் ஸ்வொப் பார்ட்டிஷன் தேவையில்லை, நிறுவி ஒரு ஸ்வொப் கோப்பைத் தானே உருவாக்கும்.

ஈஎஃப்ஐ பார்ட்டிஷனில் ஃபோர்மட் கட்டத்தில் சரிக்குறி இல்லை என்பதை உறுதிப்படுத்துங்கள். விண்டோஸின் பூட் கோப்புகள் அதற்குள்தான் இருக்கின்றன. மின்ட்டும் தன்னுடையதை அதே இடத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளும். கடைசியில் தனியாகத் தெரியும் ரிக்கவரி பார்ட்டிஷனையும் "சும்மாதானே கிடக்கிறது" என்று அழிக்கவேண்டாம்.

கீழே பூட்லோடருக்கான (பூட் மெனுவைக் காட்டும் நிரல்) டிஸ்கைக் கேட்கும். பார்ட்டிஷன் எண் எதுவும் சேராத முழு டிஸ்கின் பெயரைத் தெரிவுசெய்யுங்கள், பென்டிரைவை அல்ல.

"இன்ஸ்டோல் நவ்" அழுத்தியதும் எந்தப் பார்ட்டிஷன்கள் ஃபோர்மட் ஆகும் என்று ஒரு பட்டியல் காட்டும். அதில் எக்ஸ்ட்4 மட்டும் இருக்கவேண்டும். என்டிஎஃப்எஸ் என்ற சொல் கண்ணில் பட்டால் "கோ பேக்". இந்த நிமிடம் வரை டிஸ்கில் எதுவும் எழுதப்படவில்லை, "கொன்டினியூ" கொடுத்த பிறகு பின்வாங்க வழியில்லை.

நேர வலயத்துக்குக் கொழும்பு. பயனர் பெயரை ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல் கொடுங்கள்.

8. முதல் ரீஸ்டார்ட்

பென்டிரைவைக் கழற்றச் சொன்னதும் கழற்றி என்டர் அழுத்துங்கள். செக்யூர் பூட்டுக்குப் பாஸ்வேர்ட் கொடுத்திருந்தால் ஒரு நீலத் திரை வரும். "கொன்டினியூ பூட்" முதலில் நிற்பதால் எல்லோரும் அதையே அழுத்திவிடுகிறார்கள். அழுத்தினால் கூடுதலாக ஏற்றும் டிரைவர்கள் இயங்காது. "என்ரோல் எம்ஓகே" ஐத் தெரிவுசெய்து, எழுதிவைத்த பாஸ்வேர்டைக் கொடுங்கள்.

அடுத்து வரும் மெனுவில் மேலே மின்ட், கீழே "விண்டோஸ் பூட் மேனேஜர்" இருக்கவேண்டும். இரண்டையும் ஒருமுறை தொடங்கிப் பாருங்கள்.

மெனுவே வராமல் நேரே விண்டோஸ் எழும்பினால் நிறுவல் தோற்கவில்லை. பயாஸில் பூட் வரிசையைத் திறங்கள். அங்கே மின்ட் என்று தேடினால் கிடைக்காது. "உபுண்டு" என்ற பெயரில்தான் பதிவாகியிருக்கும். அதை முதலிடத்துக்கு ஏற்றுங்கள். விண்டோஸின் பெரிய அப்டேட்டுக்குப் பிறகு மெனு காணாமல் போனாலும் இதே மருந்து.

மின்ட்டில் முதல் வேலை, டைம்ஷிஃப்ட் திறந்து ஒரு ஸ்னாப்ஷொட் (சிஸ்டத்தின் இப்போதைய நிலையின் பிரதி) எடுப்பது. அதன் பிறகுதான் அப்டேட் மேனேஜர். சொஃப்ட்வெயர் சோர்சஸில் மிரர் (அப்டேட்டைத் தரும் சர்வர்) பட்டியலைத் திறந்தால் வேகத்தை அளந்து வரிசைப்படுத்தும். மேலே வருவதை எடுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பகல் வெக்கையில் பெரிய அப்டேட்டை லப்டொப்பில் ஓட்டுவதைவிட இரவுக்குத் தள்ளுவது நல்லது, டேட்டாவும் அப்போதுதானே மலிவு.

9. மணிக்கூடு ஐந்தரை மணி நேரம் பிசகினால்

மின்ட்டில் இருந்துவிட்டு விண்டோஸுக்குப் போனால் பிற்பகல் 3 மணிக்குக் காலை 9.30 காட்டும். மதர்போர்டின் பற்றரி போய்விட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டாம். மதர்போர்ட் மணிக்கூட்டில் லினக்ஸ் உலக நேரத்தை எழுதுகிறது. விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று வாசிக்கிறது. இலங்கை நேரம் உலக நேரத்தைவிட 5 மணி 30 நிமிடம் முந்தியது, பிசகும் அதே அளவுதான்.

இணையம் இருந்தால் விண்டோஸின் டேட் அன்ட் டைமில் "சின்க் நவ்" அழுத்தினால் சரியாகும், ஆனால் அடுத்த முறை மறுபடி பிசகும். நிரந்தரமாகத் தீர்க்க, மின்ட் டெர்மினலில் டைம்டேட்சிடிஎல் கட்டளையின் "செட் லோக்கல் ஆர்டிசி" தெரிவுக்கு 1 கொடுங்கள் (timedatectl set-local-rtc 1).

10. தமிழ் தட்டச்சும் பாமினியும்

கீபோர்ட் செட்டிங்ஸில் லேஅவுட்ஸ் தாவலில் கூட்டல் குறியை அழுத்தி, தமிழ் இலங்கை, தமிழ்நெட் 99 என்பதைச் சேருங்கள். ரெங்கநாதன் விசைப்பலகையில் பழகிய விரல்கள் என்றால் ஐபஸ், எம்17என் என்ற தட்டச்சுப் பொதிகளை நிறுவி அதில் எடுக்கலாம்.

போட்டோகொப்பிக் கடையிலோ அலுவலகத்திலோ அடித்த பழைய ஆவணம் லிப்ரே ஒஃபிஸில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்தால் கோப்பு கெடவில்லை. அது யூனிகோட் இல்லாத பாமினி எழுத்துருவில் அடித்தது. விண்டோஸின் ஃபொன்ட்ஸ் கோப்புறையில் உள்ள பாமினி கோப்பை மின்ட்டுக்குக் கொண்டுவந்து, இருமுறை சொடுக்கி "இன்ஸ்டோல்" கொடுத்தால் தமிழ் தெரியும்.

11. பின்னால் லினக்ஸ் வேண்டாம் என்றால்

நேரே டிஸ்க் மேனேஜ்மென்டில் போய் லினக்ஸ் பார்ட்டிஷனை அழிப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. பூட் மெனு தன் கோப்புகளை அந்தப் பார்ட்டிஷனில்தான் தேடும். காணாவிட்டால் கறுப்புத் திரையில் "க்ரப் ரெஸ்கியூ" என்று நின்றுவிடும்.

யூஈஎஃப்ஐ மெஷினில் முதலில் பயாஸில் விண்டோஸ் பூட் மேனேஜரை முதலிடத்துக்குக் கொண்டுவாருங்கள். விண்டோஸ் தானாக எழும்புகிறது என்று பார்த்த பிறகு பார்ட்டிஷனை அழியுங்கள். லெகசி மெஷினில் அழிக்கும் முன்பே விண்டோஸ் நிறுவல் பென்டிரைவ் ஒன்று கையில் இருக்கவேண்டும். அதன் ரிப்பேர் பகுதியிலிருந்து பூட் பதிவைத் திரும்ப எழுதவேண்டிவரும். அழித்ததால் கிடைக்கும் இடம் சி டிரைவுக்கு நேர் வலப்பக்கம் இருந்தால் "எக்ஸ்டென்ட் வொல்யூம்" கொடுத்துச் சேர்க்கலாம். நடுவில் ரிக்கவரி பார்ட்டிஷன் நின்றால் அந்தத் தெரிவு மங்கலாகவே இருக்கும். அப்போது அந்த இடத்தைத் தனி டிரைவாக வைத்துக்கொள்ளுங்கள்.